பாரிஸ் மாநாட்டோடு ஊர் சுற்றவும் நினைக்கிறீர்களா?

அழைப்புக் கடிதத்தில் மாநாட்டு நாட்கள் மட்டுமே இருக்கும். அதை மட்டும் காட்டினால் ஷெங்கன் விசாவும் (பிரான்ஸ், இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) அந்த அளவுக்கே கிடைக்கலாம். கூடுதல் நாட்களுக்கான ஹோட்டல் பதிவு, விடுப்புக் கடிதம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லாம் திரும்பும் நாள் வரை இருக்கட்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இத்தாலிக்கும் போவதானால் பிரான்சில்தான் அதிக நாள் தங்குங்கள். இல்லாவிட்டால் எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்ற சிக்கல் வரும். லண்டனைக் கடைசியில் வையுங்கள். நடுவில் போனால், ஒருமுறை நுழைவு விசாவில் பாரிஸுக்குத் திரும்ப முடியாது. பிரிட்டனுக்கு விசாவும் தனி.

ஓய்வு நாளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம்: லூவர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்களன்று. லூவருக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள்.