ஊருக்குப் போகும்போது நாலு பாட்டைக் கையில் எடுத்துப் போங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால் கல்யாணம், கோயில், தி.நகர், பல் டாக்டர் என்று மூன்று வாரமும் ஓடிவிடும். பிள்ளைகள் ஏசி அறையில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். போன ஆடி மாதம் நாங்கள் மூன்று குடும்பம், சின்னதும் பெரிதுமாகப் பதினோரு பேர், ஆறு நாளை மட்டும் தனியாக எடுத்து வைத்து வேறு மாதிரிச் செய்து பார்த்தோம். ஒரு பாட்டு எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்துக்கே போய், மலையடியிலோ ஆற்று மணலிலோ நின்று, அதைச் சத்தமாகப் படிப்பது. அவ்வளவுதான் திட்டம். இதற்கென்று பலகை வைத்த பாதையோ கட்டணமோ கிடையாது, எல்லாமே பொது இடம். பாட்டை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

முதலில் தாள். போனில் பார்த்துப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வெயிலில் திரை தெரியாது, மலையடியில் சிக்னலும் இருக்காது. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகிய இணையதளங்களில் சங்கப் பாட்டு முதல் பாரதி வரை இலவசமாகக் கிடைக்கிறது. சீர் பிரித்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்கு ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்தாலும் குற்றமில்லை, வாயில் வருவது தமிழ்தானே.

சென்னையில் இறங்காமல் மதுரையில் இறங்குவது என் யோசனை. கொழும்பு, துபாய், சிங்கப்பூர் வழியாக வருகிறவர்களுக்கு அங்கே நேரடி விமானம் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. சங்கப் புலவர் கபிலர், அவருடைய நண்பன் வள்ளல் பாரி, இவர்கள் கதையை வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் பறம்பு மலையில்தான் தொடங்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மதுரையிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், மலை உச்சியில் ஒரு தர்கா. ஏறுவதானால் விடிந்ததும் தொடங்கிவிடுங்கள், பாறை சூடானால் இறங்குவது பெரும்பாடு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

அங்கே படிக்க வேண்டியது புறநானூறு 109. மூவேந்தரும் முற்றுகையிட்டு நிற்கும்போது கபிலர் அவர்களைப் பார்த்து, இந்த மலையில் உழவர் உழாமலே நான்கு விளையும், உங்களால் பட்டினி போட முடியாது என்று சொல்கிற பாட்டு. மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ஒன்றே, இரண்டே, மூன்றே, நான்கே என்று எண்ணிக்கொண்டே போகும், அதனால் நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். தேன் பங்கு கிடைத்த என் அக்கா மகன் இறங்கும் வரைக்கும் பாறை இடுக்கெல்லாம் தேனடையைத் தேடிக்கொண்டே வந்தான். கிடைக்கவில்லை. ஊருக்குள் டீக்கடையில் இந்தத் தாளைப் பார்த்த ஒரு பெரியவர், ‘தம்பி, அடுத்தது அற்றைத் திங்களா?’ என்று கேட்டுவிட்டுத் தாளைத் தொடாமலே முழுதும் சொன்னார். கேட்டால் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். இப்படி யாராவது வந்து சேர்ந்துகொள்வார்கள், அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள், அவர்களுக்கும் ஒரு டீ சொல்லுங்கள்.

‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ என்று தொடங்கும் 112ஆம் பாட்டு பாரி மகளிருடையது. அந்த நிலாவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது, இந்த நிலாவில் இரண்டும் இல்லை. ஐந்தே அடி. நாட்காட்டியில் பௌர்ணமி பார்த்து இந்த ஒரு நாளை மட்டும் அதற்கேற்ப வையுங்கள், மற்ற நாட்கள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இரவில் மலை ஏற வேண்டாம். ஊர் எல்லையில் வண்டியை ஓரம்கட்டி, மலை கறுப்பாகத் தெரிகிற இடத்தில் நின்று படித்தால் போதும். பதினெட்டு வருடமாக ஊருக்கு வராத சித்தப்பா ‘எந்தையும் இலமே’ வந்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது குற்றாலம். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வருகிறவர்களுக்கு இது அதிர்ஷ்டம், சாரல் காலமும் அதுதான். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியிலிருந்து ‘வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அருவித் திரை வானம் வரை எழும்பி, சூரியனுடைய குதிரைக் காலும் தேர்க்காலும் வழுக்குகிறதாம். அருவிக்கரை ஈரப்பாறையில் ஒருமுறை சறுக்கிய பிள்ளைக்கு இதற்கு உரை தேவையில்லை. குரங்கு விஷயத்தில் மட்டும் கவிராயரை நம்பாதீர்கள். இப்போதுள்ள வானரம் கனி கொடுக்காது, உங்கள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கும். ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். நண்பர்களைக் கூட்டி வைத்துக் கம்பனைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டி ரசிக்க வைத்தவர் அவர், நாம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு எச்சரிக்கை: மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்து ஒரு பையன் உயிர் போனது. தண்ணீர் கலங்கினாலோ காவலர் விசில் அடித்தாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். சோப்பு, ஷாம்பூவுக்கும் தடை.

அடுத்தது எட்டயபுரம், இரண்டு மணி நேரம் போதும். பாரதி பிறந்த வீட்டையும் 1947இல் திறந்த மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இறங்கி ‘காணி நிலம் வேண்டும்’ படியுங்கள். மரநிழலே அபூர்வமான அந்தக் கரிசலில் நின்றுகொண்டு ‘பத்துப் பன்னிரண்டு தென்னைமரம்’ என்று படிக்கும்போது அந்த ஆசை வேறு மாதிரிக் கேட்கிறது. அப்புறம் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு இரவு ரயில். டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், கடைசி நேரத்தில் பதினோரு படுக்கை கிடைக்கவே கிடைக்காது.

விழுப்புரத்தில் விடியுமுன் இறங்கி, கார் பிடித்துத் திருக்கோயிலூர். கதை முடிவது இங்கேதான். பாரியின் மகளைப் பாதுகாத்துக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடமென்று தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறையைக் காட்டுகிறார்கள், கபிலர் குன்று. பக்கத்திலுள்ள வீரட்டேசுவரர் கோயிலில் இருக்கும் இராசராசன் காலக் கல்வெட்டு இதைக் ‘கனல்புகும் கபிலக்கல்’ என்கிறது. ஆடியில் நாங்கள் மணலில் நடந்தே போனோம். மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்கள் சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று உள்ளூரில் கேட்காமல் ஆற்றில் இறங்கக் கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது இந்த ஆறு கரை புரண்டு ஓடியது. நேரம் இருந்தால் அதே ஊர் உலகளந்த பெருமாள் கோயிலுக்கும் போங்கள். ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடமிருந்த இடைகழியில் முதலாழ்வார் மூவரும் மழை இரவில் நின்று பாடியதாகச் சொல்வது இங்கேதான். நடை மதியம் சாத்திவிடுவார்கள், பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள்.

தங்குமிடத்தில் நாங்கள் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன ஊர் லாட்ஜில் அறையெல்லாம் பேசி முடித்த பிறகு வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபாரம் ஏற்ற வேண்டும், எங்களுக்கு அந்த வசதி இல்லை என்று இரவு பத்து மணிக்குக் கையை விரித்துவிட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே போனில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் மதுரை, தென்காசி போன்ற பெரிய ஊர்களிலேயே தங்குங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் டெம்போ டிராவலர் வசதி, டிரைவர் பேட்டாவையும் இரவு தங்கலையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஜிபே இல்லாதவர்கள் பத்து, இருபது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் மாற்றி வைத்திருங்கள், டீக்கடைக்காரரிடம் ஐந்நூறை நீட்டினால் அவர் உங்களுக்காகக் கடை கடையாகச் சில்லறை தேடிப் போவார். டிரைவருக்கும் ஒரு தாள் கொடுங்கள். எங்கள் டிரைவர் தம்பி முதல் நாள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், கபிலர் குன்றில் தாளை எடுத்துப் படித்தது அவர்தான்.