கிதாருக்குக் கோவா மரப் பலகையைத் தேர்ந்து வளைக்கும் முறை

ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் கோவா, அகேசியா பேரினத்து மரம். படகு குடையவும் பின்னர் உகுலேலே என்னும் நான்கு தந்திச் சிறு இசைக்கருவி செய்யவும் பயன்பட்ட இம்மரம், 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சிக்குப் பின் ஹவாய் இசை அமெரிக்காவெங்கும் பரவியபோது, அங்குள்ள கிதார்ப் பட்டறைகளிலும் இடம்பிடித்தது.

பலகை வாங்குவோரின் கண் முதலில் அலையலையான சுருள் வரிகளிலேயே நிற்கும். விலையும் அவற்றை வைத்தே ஏறுகிறது. ஆனால் அவற்றால் ஒலியின் தரம் உயர்வதில்லை. முதலில் பலகையின் வெட்டுமுனையைப் பார்க்க வேண்டும். மரத்தின் வளர்ச்சி வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால், ஈரப்பதம் மாறும்போது அது குறைவாகவே நெளியும். பிறகு, ஒரு முனையிலிருந்து நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, ஓரத்தை இரு விரல்களால் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நாதம் சற்று நீடித்தால் எடுத்துக்கொள்ளலாம். மொத்தென்று அடங்கினால், வரிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. ஒரே மரத்துப் பலகைகளிலேயே எடை வேறுபடும் என்பதால், கையில் எடுத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பி வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

மேற்பலகையும் கோவாவாக இருந்தால், ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தைவிடக் கனமான அது மெல்லிய விரல் மீட்டலுக்குச் சற்றுத் தாமதமாகவே இசைந்து கொடுக்கும். ஆகவே முதல் கிதாருக்கு ஸ்ப்ரூஸ் மேற்பலகையும், கோவா பின்பலகையும் பக்கங்களும் பொருத்தமான சேர்க்கை.

பின்பலகையைச் சுமார் 2.5 மில்லிமீட்டருக்கும் பக்கங்களைச் சுமார் 2 மில்லிமீட்டருக்கும் மெலிதாக்கலாம். சுருள் வரியில் இழைப்புளியின் அலகு மரத்தைப் பிய்த்துவிடும் என்பதால், இறுதி வேலையைச் சுரண்டு தகட்டுக்கும் உப்புத்தாளுக்கும் விட்டுவிடுங்கள். வேலை நடக்கும் அறையின் ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்.

கடினமான கட்டம் பக்கங்களை வளைப்பதுதான். சுருள் வரியில் இழைகள் முகத்தை நோக்கி ஏறி இறங்குவதால், இடுப்பு வளைவில் அந்த இடத்திலேயே விரிசல் விழும். பலகையை ஊறவைக்காமல் லேசாக நீர் தெளித்து, வெளிப்புறத்தில் மெல்லிய எஃகுத் தகட்டை அணைத்துப் பிடித்து, சூடான குழாயின் மேல் மெதுவாக அழுத்துங்கள். மரம் தானாகத் தளரும் கணம் கையில் தெரியும். அதற்கு முன் பலத்தைக் காட்டக் கூடாது. நீர் அதிகமானால் வரிகளின் மேல் மேடுபள்ளங்கள் எழும். அவற்றைத் தேய்த்துச் சமப்படுத்தினால் பலகை மெலிந்துபோகும்.

கோவாவின் நுண்துளைகள் திறந்தவை. பூச்சுக்கு முன் அவற்றை எபாக்ஸி என்னும் செயற்கைப் பிசினால் நிரப்பலாம். அதனால் நிறமும் ஆழமாகும் என்பதால், மீந்த துண்டொன்றில் முதலில் பூசிப் பாருங்கள்.