மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்: காவிரி டெல்டாவில் எம்டிபி ஓட்டுவது எப்படி

எம்டிபி (மலைச் சைக்கிள்) வாங்கிவிட்டு, தஞ்சாவூரில் மலைக்கு எங்கே போவது என்று அதைத் தார் ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை, கரையிலிருந்து பிரிகிற வாய்க்கால்கள், அந்த வாய்க்கால்களுக்கும் கரை. ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாதுதான், ஆனால் வண்டல், மணல், முள், வைக்கோல், டிராக்டர் உழுதுவிட்டுப் போன தடம் எல்லாம் உண்டு. மெல்லிய டயர் சைக்கிள் இங்கே அரை மணி நேரம் தாங்காது.

முதலில் காலண்டர். மலையில் ஓட்டுபவர் ஏற்றத்தைப் பார்த்துத் திட்டம் போடுவார், இங்கே தண்ணீரைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். மேட்டூரில் போதிய தண்ணீர் இருந்தால் ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் வழக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுவார்கள், கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாள். இன்று காய்ந்து கிடக்கிற வாய்க்கால் அடுத்த வாரம் இடுப்பளவு ஓடலாம் என்பதால், ஜூன் மாதத்தில் ஆற்றுக்குள் இறங்கிக் குறுக்கே கடக்கிற மாதிரி வழியே போடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது பிப்ரவரி, மார்ச். சம்பா அறுப்பு முடிந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்காது, கரைகள் கெட்டிப்பட்டிருக்கும், காலையில் பனி கூட இருக்கும். ஆனால் ஒரு விஷயம். அறுத்த வயல் சும்மாதானே கிடக்கிறது என்று உள்ளே இறங்கிக் குறுக்குவழி போய்விடாதீர்கள். ரோட்டில் நின்று பார்த்தால் அறுத்த நெல்லின் வெறும் தாள்தான் தெரியும், குனிந்து பார்த்தால் தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்ட உளுந்து நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். உங்கள் டயர் அகலம் இரண்டு அங்குலம் என்றாலும் அது அவருடைய கோடை வருமானம்.

ஏப்ரல், மே நன்றாக ஓட்டலாம், வெயிலைச் சமாளித்தால். விடியும் முன்பே கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் கடைசியில் குறுவை நடவு ஆரம்பித்ததும் வயலோரப் பாதைகள் சேறாகிவிடும், அப்போது பெரிய ஆற்றுக்கரைகளில் மட்டும் ஓட்டுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்த இரண்டரை மாதமும் மண் பாதையை மறந்துவிட வேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்றால் இந்த ஊர்க் களிமண் அப்படி. செம்மண் சேறு தெறிக்கும், விழுந்துவிடும். இது விழாது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு படலம் ஒட்டும், அடுத்த சுற்றில் அதன் மேல் இன்னொரு படலம், நடுவே வைக்கோல் துண்டுகள், இருபதடி போவதற்குள் டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் இருந்த இடைவெளி அடைத்துச் சக்கரமே நின்றுவிடும். அந்த நேரத்தில் பெடலை ஓங்கி மிதித்தால் செயினோ, டீரெய்லரை (பின்னால் கியர் மாற்றுகிற பாகம்) பிடித்திருக்கிற ஹேங்கரோதான் போகும். இறங்கி, தூக்கிக்கொண்டு, புல் இருக்கிற இடமாகப் பார்த்து நடங்கள். ஒரு தட்டையான குச்சி, பழைய பெயின்ட் பட்டி தகடு, எதுவானாலும் ஒன்று பையில் இருக்கட்டும், சுரண்ட உதவும்.

வைக்கோல் இன்னொரு தொல்லை. அறுப்புக் காலத்தில் தார் ரோட்டிலேயே நெல் காயப் போட்டிருப்பார்கள், பக்கத்தில் வைக்கோலும் கிடக்கும். வைக்கோல் மேல் ஏற்றினால் ஓரிரண்டு இழை பின் பல்சக்கரத்துக்கும் ஆரத்துக்கும் நடுவே புகுந்து கயிறாகத் திரிந்துகொள்ளும், கியர் தானாகக் குதிக்க ஆரம்பிக்கும். கியரைத் திருகிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், முதலில் உள்ளே என்ன சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். நெல் மேலே ஏற்றவே கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனால், நெல்லைக் கிண்டிக்கொண்டிருக்கிற அம்மா அவர்களாகவே வழி சொல்வார்கள்.

சைக்கிள் என்று பார்த்தால் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்ட்டெயில் போதும், முன் ஃபோர்க் 80 முதல் 100 மில்லிமீட்டர் அமுங்கினால் தாராளம். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு இங்கே வேலையே இல்லை, எடைதான் மிச்சம். பணத்தை டயரில் போடுங்கள். 2.1 அல்லது 2.2 அங்குலம், மேலே உள்ள ரப்பர் பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கிற டயர், மண் ஒட்டினாலும் உதிரும். எழுபது கிலோ ஆள் டியூப் போட்டு ஓட்டினால் கெட்டிக் கரைக்குக் காற்றழுத்தத்தை 30 பிஎஸ்ஐ அளவில் வையுங்கள், கொள்ளிடம் பக்கம் மணலில் இறங்குவதானால் 22, 23 வரை இறக்கலாம், அப்புறம் தார் ரோடு ஏறியதும் மறக்காமல் அடித்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சர் வரும். கரையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம், அதை வெட்டி வேலிக்குப் போடும்போது கொப்பு பாதையில் விழுந்துவிடும், கோடையில் நெருஞ்சி வேறு. டியூபுக்குள் சீலன்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றிக்கொள்வது நல்லது. அதைவிட முக்கியம் வால்வு. பைக் டியூபில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் எந்த ஊர் டூவீலர் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துவிடலாம், மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அடாப்டர் இல்லாமல் டெல்டா கிராமம் எதற்கும் போகாதீர்கள். ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் வால்டியூப் போட்டுத் தருகிறேன் என்பார், பாசம்தான், ஆனால் அது உங்கள் டியூபுக்குப் பொருந்தாது.

எந்தப் பாதையில் போகலாம்? வரப்பில் கூடாது, இதில் விதிவிலக்கே இல்லை. களைக்கொட்டும் மண்வெட்டியுமாகக் கஷ்டப்பட்டு அணைத்த வரப்பு ஒரு டயர் தடத்தில் உடையும், அதன் வழியே கட்டி வைத்த தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும், தண்ணீர் முறை வைத்து வருகிற நாளில் இது சண்டையில்தான் முடியும். ஆற்றுக்கரை, வாய்க்கால் கரை, களத்துக்குப் போகிற வண்டிப்பாதை, இவை போதும். வழி கேட்கும்போது "அண்ணே, இந்தப் பாதை போகுமா?" என்று கேட்டால் எல்லோரும் போகும் என்றுதான் சொல்வார்கள், நடந்து போகலாம் என்ற கணக்கில். "எக்ஸெல் வண்டி போகுமாண்ணே?" என்று கேளுங்கள். உரமூட்டையோடு டிவிஎஸ் எக்ஸெல் போகிற பாதை என்றால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மருந்து அடித்துக்கொண்டிருக்கிற வயலைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு விலகிப் போங்கள்.

தொடங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 12 கிலோமீட்டர் அளவில் வரும், ரோட்டிலேயே போய்விடுங்கள். அங்கே டிபனை முடித்துக்கொண்டு (அசோகா அல்வாவைத் திரும்பும்போது சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், திரும்பும் வழி அது இல்லை) காவிரிக் கரையோடு மேற்கே திருக்காட்டுப்பள்ளிக்குப் போங்கள். நடுவில் கரை தார் ரோடாகவும் மண்ணாகவும் மாறி மாறி வரும், வாழைத்தோப்பு நிழல் நிறைய. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தெற்கே பூதலூர், அங்கிருந்து கிழக்கே தஞ்சாவூர், மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முடியவில்லை என்றால் பூதலூரில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் சைக்கிளை ஏற்றுவார்களா என்பதை முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லா ரயிலிலும் நடக்காது. காலில் தெம்பு இருக்கிறவர்கள் திருக்காட்டுப்பள்ளியோடு நிற்காமல் கல்லணை வரை போய்விட்டு, கல்லணைக் கால்வாய்க் கரையைப் பிடித்து இறங்கலாம். தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்பார்களே, 1934-ல் மேட்டூர் அணையோடு வந்தது, அதுதான். அந்தக் கால்வாயில் பல இடங்களில் கான்கிரீட் சரிவு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஓடும்போது உள்ளே விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது, அதனால் கால்வாய் விளிம்பை விட்டு விலகியே ஓட்டுங்கள்.

மேற்கே முதலில் போகச் சொல்வதற்குக் காரணம் காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். விடிகாலையில் அது அடங்கியிருக்கும்போது எதிர்த்துப் போய்விட்டால், பத்து மணிக்குத் திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். மாற்றிப் போட்டால் கடைசி இருபது கிலோமீட்டரில் ஆடிக்காற்று என்றால் என்ன என்று தெரிந்துவிடும்.

கொள்ளிடத்தில் இறங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. மணல் அள்ளிய குழிகள் உள்ளே இருக்கின்றன, தண்ணீர் நிற்கும்போது ஆழம் வெளியே தெரியாது. முழங்கால் அளவுதானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்காதீர்கள், பாலம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சுற்றிப் போங்கள்.

நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள், பெரும்பாலும் அதற்கும் சலித்துவிடும். சாயங்காலம் இருட்டிய பிறகு கரைப் பாதை வேண்டாம், அறுப்புக் காலத்தில் எலியைத் தேடிப் பாம்பு வரும், விளக்கு வெளிச்சத்தில் அதுவும் தெரியாது, கிடக்கிற கயிறும் பாம்பாகத் தெரியும்.

வழியில் பம்ப்செட் ஓடினால் கேட்டுவிட்டுச் சைக்கிளைக் கழுவிக்கொள்ளலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் குழாய்க்கு நேரே நீட்டாதீர்கள், அந்த வேகத்தில் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் தண்ணீரோடு மண்ணும் புகுந்துவிடும். தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக் கையால் தேய்த்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள், கோடையில் புழுதி ஒட்டாத உலர் வகை எண்ணெய், அதுவும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு.