வொய்ஸ் ரைட்டிங் பழகுவோருக்கு: கொழும்பில் இருந்தே சிவிஆர் பரீட்சைக்குத் தயாராவது எப்படி?

புதுக்கடை நீதிமன்றங்களில் விசாரணையைப் பதிவுசெய்ய இன்னமும் சுருக்கெழுத்தும் தட்டச்சும்தான் வழக்கம். ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் நடுத்தீர்ப்பு விசாரணைகளுக்கும் வெளிநாட்டில் இருந்து வரும் ஒலிப்பதிவுகளுக்கும் வொய்ஸ் ரைட்டிங் நன்றாகக் கைகொடுக்கும். வாயோடு அழுத்திப் பிடித்த ஸ்டெனோமாஸ்க்குக்குள் (உள்ளே மைக் வைத்த, சத்தம் வெளியே போகாத மூடி), கேட்பதை எல்லாம் தணிந்த குரலில் திருப்பிச் சொல்ல, மென்பொருள் எழுத்தாக்கும். ஹொரஸ் வெப் என்ற சுருக்கெழுத்தாளர் 1940களில் சிக்காகோவில் தொடங்கிவைத்த முறை இது.

முதலில் இலக்கு

அமெரிக்காவின் நெஷனல் வேர்பெட்டிம் ரிப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் நடத்தும் சிவிஆர் (சேர்ட்டிஃபைட் வேர்பெட்டிம் ரிப்போர்ட்டர்) சான்றிதழ்ப் பரீட்சையில் ஐந்து நிமிடப் பகுதிகள் மூன்று. நிமிடத்துக்கு 200, 225, 250 சொற்கள். ஒவ்வொன்றிலும் 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். 250 வேகத்தில் 1,250 சொற்கள் வரும், 62 பிழை வரைதான் தாங்கும். கமா, முற்றுப்புள்ளியையும் வாயால் சொல்ல வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எழுத்துப் பரீட்சை தனி.

கருவிகள்

ஸ்டெனோமாஸ்க், அதற்கொரு யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர், பேச்சை எழுத்தாக்கும் டிராகன் மென்பொருள். புளூடூத் பக்கம் போகவே வேண்டாம். மேக் கணினிக்கான டிராகனை 2018இல் நிறுத்திவிட்டார்கள், ஆகவே விண்டோஸ்தான். நம்முடைய புழுக்கத்தில் மாஸ்க்கின் உள்ளே சீக்கிரம் ஈரம் கட்டும். பழகி முடிந்ததும் துடைத்து, காற்றுப்பட வைத்துவிட்டு எழும்புங்கள்.

குரலைப் பழக்குவது

என்னை அதிக நாள் மறித்து வைத்த படி இதுதான், ஆறுதலாக வாசியுங்கள். டிராகனில் உங்கள் குரலுக்கு புரொஃபைல் உருவாக்கும்போதே மாஸ்க்கைப் போட்டிருக்க வேண்டும். சாதாரண ஹெட்செட்டில், வீட்டில் கதைக்கும் குரலில் உருவாக்கிய புரொஃபைல் மாஸ்க்குக்குள் உதவாது. மைக் அளவு பார்க்கும் இடத்திலேயே விசாரணையில் பாவிக்கப்போகும் அதே தணிந்த குரலில் பேசுங்கள்.

தணிந்த குரல் வேறு, குசுகுசுப்பது வேறு. தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால் அது குரல். தெரியாவிட்டால் வெறும் காற்று. காற்றை வைத்துக்கொண்டு மென்பொருள் சொற்களைப் பிரித்தறிவது கடினம். வெள்ளவத்தையில் ரயில் போகும் நேரம் பார்த்துக்கூடப் பழகினேன்: வெளியே எவ்வளவு சத்தம் இருந்தாலும் குரல் ஏறக்கூடாது.

யார் பேசுகிறார்?

கேள்விக்கு 'கியூ-மாக்', பதிலுக்கு 'ஏ-மாக்' என்ற மாதிரி, சாதாரணப் பேச்சில் வராத ஒலிகளை, புதிய வரி தொடங்கும் கட்டளைகளாக வையுங்கள். வெறுமனே 'ஆன்சர்' என்று வைத்தால், சாட்சி அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் புதிய வரி விழும்.

வேகம்

ஆங்கிலச் செய்தியை நான்கைந்து சொல் பின்னால் நின்று தொடர்ந்து சொல்வதில் தொடங்குங்கள். பிறகு 140 வேகத்தில் கேள்வி பதில். 95 சதவீதம் வராமல் வேகத்தைக் கூட்ட வேண்டாம். வேகத்தை முதலில் பிடித்துவிட்டுத் துல்லியத்தைப் பிறகு பார்க்கலாம் என்ற ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். அவசரத்தில் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கும் பழக்கம் வந்தால் அதைப் போக்குவது பெரும்பாடு.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது பெயர்களைப் பற்றி. பிள்ளை, லிங்கம், சிங்க என்று முடியும் பெயர்கள் டிராகனுக்குப் புரியாது. அதன் சொற்தொகுதியில் எழுதும் வடிவம், சொல்லும் வடிவம் என்று இரண்டு இடம் உண்டு. முழுப் பெயரை முதலாவதில் எழுதி, 'சிவ பிரகாசம்' என்பது போல உடைத்ததை இரண்டாவதில் போடுங்கள். உயர் நீதிமன்றத் தளத்தில் கிடைக்கும் ஆங்கிலத் தீர்ப்புகளை இறக்கி, ஆவணங்களில் இருந்து கற்கும் வசதிக்குக் கொடுத்தால் நம் சட்டத்தரணிகளின் சொற்றொடர்களும் பழகிவிடும்.

தமிழில் செய்யலாமா என்றும் கேட்டார்கள். டிராகனில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. சாட்சி தமிழில் சொன்னால், அதை நாமே ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட வாய் உந்தும். அடக்கிக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் தொடங்கும்வரை காத்திருங்கள். அவர் சொல்வதில் பிழை இருப்பதாக உங்களுக்குப் பட்டாலும், ஆங்கிலப் பதிவில் ஏற வேண்டியது அவர் சொன்னதுதான். திருத்தக் கேட்பது சட்டத்தரணியின் வேலை.