‘டெஸ்ட் பாஸ்’ என்று எழுதுவதற்கு முன்

பாசன மோட்டாருக்கான கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் சில காலம் வேலை பார்த்தேன். எங்களுக்கு வந்த தேவைப் பட்டியலில் ஒரு வரி இருந்தது: ‘வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் நிற்க வேண்டும்.’ சோதிக்கும்போது மெயின் சுவிட்சை இறக்கினோம். மோட்டார் நின்றது. டிக் அடித்தோம்.

மின்சாரம் போவதும் வோல்டேஜ் குறைவதும் ஒன்றல்ல. 415 வோல்ட் வர வேண்டிய லைனில் 300-ஐ ஒட்டி வந்த ஒரு மாலை, எங்கள் பேனல் பேசாமல் இருந்தது. மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுத்துச் சூடாகி, காயில் போய்விட்டது. பயிர் தண்ணீருக்குக் காத்திருந்த நேரம். அந்த விவசாயியின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

அந்த வரியில் எத்தனை வோல்ட் என்றும் இல்லை, எத்தனை நொடி என்றும் இல்லை. ‘ஃபேஸ்களுக்கு இடையே 340 வோல்ட்டுக்குக் கீழே 5 நொடி தொடர்ந்தால், அடுத்த 1 நொடிக்குள் நிற்க வேண்டும்’ என்று இருந்திருந்தால் சுவிட்சை இறக்கிவிட்டு டிக் அடித்திருக்க முடியாது. வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நேரம் பார்த்தே ஆக வேண்டும். ஒரு நொடி மட்டும் வோல்டேஜ் சரிந்து மீண்டால் மோட்டார் நிற்கக் கூடாது என்ற மறுபக்கமும் அப்போதுதான் கண்ணில் படும். ‘விரைவாக’, ‘போதுமான’, ‘குறைந்தால்’ போன்ற சொற்கள் தேவைப் பட்டியலில் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: இதை எதை வைத்து அளப்பது, எந்த எண் வந்தால் தேறவில்லை என்று சொல்வது?

இது சின்னப் பட்டறைகளில் மட்டும் நடக்கும் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் விண்வெளித் திட்டங்களின் விபத்து அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

அளக்கும் கருவியை யார் அளந்தது?

ஹபிள் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. அதன் 2.4 மீட்டர் முதன்மை ஆடி, மிகத் துல்லியமாகத் தீட்டப்பட்ட ஆடிகளில் ஒன்று. ஆனால் தவறான வடிவத்துக்குத் துல்லியமாகத் தீட்டியிருந்தார்கள். விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாக இருந்தது, அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. படங்கள் மங்கலாக வர அதுவே போதுமானதாக இருந்தது.

ஆடியின் வளைவைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமைந்துவிட்டது. லென்ஸின் இடத்தைக் குறிக்கும் அளவுகோல் கம்பியின் முனையில் ஒரு மூடி இருந்தது. மூடியின் மேல் இருந்த, ஒளியைத் திருப்பாத பூச்சு ஓரிடத்தில் உரிந்திருந்தது. லேசர் ஒளி, கம்பியின் முனையில் பட வேண்டியதற்குப் பதிலாக அந்த உரிந்த இடத்தில் பட்டுத் திரும்பியது. குறித்த இடத்தில் லென்ஸ் உட்காரவில்லை என்றதும், வாஷர் போன்ற தகடுகளைச் செருகி உட்கார வைத்தார்கள். இடம் பொருந்தாதபோது ‘ஏன் பொருந்தவில்லை’ என்று கேட்க வேண்டிய தருணம் அது.

வேறு இரண்டு கருவிகள் பிழை இருப்பதைக் காட்டவும் செய்தன. முதன்மைக் கருவிதான் மிகத் துல்லியமானது, மற்றவை அந்த அளவுக்கு நம்பத் தகுந்தவை அல்ல என்று சொல்லி அந்த முடிவுகளை ஒதுக்கினார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரே பொருளை அளந்த இரண்டு கருவிகள் வேறு வேறு விடை சொன்னால், அவற்றில் ஒன்றாவது தவறு. எது தவறு என்று கண்டுபிடிக்கும் வரை கையெழுத்துப் போடக் கூடாது. பிடித்த கருவி சொல்கிறது என்பது ஆதாரம் ஆகாது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் ஐந்து முறை வெளியே மிதந்து வேலை செய்து ஹபிளின் பார்வையைத் திருத்தினார்கள்.

உங்கள் மேசையில் இருக்கும் மல்டிமீட்டரை எப்போது கேலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) அனுப்பினீர்கள் என்று இன்றே ஒரு முறை பாருங்கள்.

‘ஏற்கெனவே ஓடியதுதானே’

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், திசை காட்டும் கணினி சுமார் 37 நொடியில் செயலிழந்தது. ராக்கெட் திசை மாறி உடைந்து சிதறியது. பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்க முயன்றபோது இடம் போதவில்லை. கூட்டல், கழித்தல் குறியோடு வரும் 16 பிட் முழு எண் தாங்கும் உச்சம் 32,767. அந்த மென்பொருள் முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடியது, ஏனென்றால் அதன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகவே ஆகாது. ஏரியன் 5 பக்கவாட்டில் மிக வேகமாக நகரும் ராக்கெட். இத்தனைக்கும் அந்தக் கணக்கு, ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே படாத ஒன்று.

கூட ஒரு மாற்றுக் கணினியும் இருந்தது. அதிலும் அதே மென்பொருள் என்பதால், அது கண் இமைக்கும் நேரம் முன்னதாகவே அதே காரணத்தால் நின்றிருந்தது. இரண்டு வைத்தால் பத்திரம் என்ற கணக்கு பாகம் தேய்ந்து கெடுவதற்குச் சரி, வடிவமைப்பிலேயே இருக்கும் பிழைக்கு உதவாது.

அந்தக் கணினி தனக்கு எழுதப்பட்ட தேவைகளை மீறவில்லை. தேவை ஆவணத்தில் ஏரியன் 5-இன் பாதை விவரம் சேர்க்கப்படவே இல்லை. சொன்னபடி செய்தோமா என்பது ஒரு கேள்வி, சொன்னதே சரியா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதிவிட்டு இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுக்கொள்வதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. தரையில் நடந்த ஒத்திகையில் உண்மையான திசைக் கணினியை இணைத்து, புதிய பாதையை ஓட்டிப் பார்த்திருந்தால் பிழை அன்றே தெரிந்திருக்கும். அதன் இடத்தில் அதன் வேலையைப் போலச் செய்யும் ஒரு நிரலை வைத்திருந்தார்கள்.

ஜெனிசிஸ் விண்கலமும் இதே வழியில் போனது. சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பரில் யூட்டா பாலைவனத்தில் பாராசூட் விரியாமல் மோதியது. வேகக் குறைவை உணரும் சுவிட்சுகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. சுழற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று காட்டிக்கொடுத்திருக்கும். ஏற்கெனவே பறந்த ஒன்றின் வடிவமைப்புதானே என்று வரைபடத்தை ஒப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

திருத்திய பிறகு மறுபடி ஓட்டாமல் விடுவது

1999 டிசம்பர் 3 அன்று மார்ஸ் போலார் லேண்டர் செவ்வாயில் இறங்கும்போது காணாமல் போனது. மிகவும் சாத்தியமான காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது இது: கால்கள் விரியும் அதிர்ச்சியில், தரை தொட்டுவிட்டதாக உணரிகள் பொய்ச் சைகை கொடுக்கக் கூடும். மென்பொருள் அதை அழிக்காமல் நினைவில் வைத்திருந்து, சுமார் 40 மீட்டர் உயரத்தில் ‘இறங்கியாயிற்று’ என்று எஞ்சினை நிறுத்தியிருக்கும்.

கால் விரியும்போது பொய்ச் சைகை வரலாம் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நிரல் எழுதுபவர் கைக்குப் போன தேவை ஆவணத்தில் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை. மேலே தெரிந்த விஷயம் கீழே இறங்கவில்லை.

இதைப் பிடித்திருக்கக் கூடிய ஒரு சோதனையும் நடந்தது. அந்தச் சோதனையில் உணரிகளின் வயரிங் தவறாக இருந்ததால் பொய்ச் சைகை தெரியவில்லை. வயரிங்கைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். திருத்திய பிறகு தரை தொடும் பகுதியை மட்டும் மறுபடி சோதித்தார்கள், கால் விரியும் பகுதியை ஓட்டவில்லை. ஒரு கோளாற்றைச் சரிசெய்தால், அந்தக் கோளாறு இருந்தபோது கிடைத்த எல்லா ‘பாஸ்’களும் ரத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சலாக இருக்கும், நாள் தள்ளும். இருந்தாலும் ஓட்டுங்கள்.

சோதிக்கும் இடம்

சந்திரயான் திட்டத்துக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் அனார்த்தசைட் பாறையைப் பொடித்து எடுத்துக்கொண்டார்கள். நிலவின் மேட்டுநிலப் பாறையும் அந்த வகைதான். சாதாரண ஆற்று மணலில் சக்கரத்தை உருட்டிப் பார்த்துவிட்டு ‘நிலவில் ஓடும்’ என்று எழுதியிருக்கலாம். நிலவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. பட்டறைக்குள் 25 டிகிரியில் தேறிய சர்க்யூட், மே மாத வெயிலில் தகரப் பெட்டிக்குள் என்ன ஆகும் என்பதும் இதே கேள்விதான்.

சனிக்குப் போன காசினி விண்கலத்தோடு 1997-இல் கிளம்பிய ஹைகன்ஸ் கலத்துக்கும் இப்படி ஒரு சோதனை பாக்கி இருந்தது. ஹைகன்ஸ் சனியின் டைட்டன் நிலவில் இறங்கும்போது அனுப்பும் தகவலைக் காசினி பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையே வேகம் மிக அதிகம், எனவே அலைவரிசை நகரும். கிளம்பும் முன் இதை முழுமையாகச் சோதிக்கவில்லை. கலத்தைப் பிரித்து மறுபடி பூட்டிச் சான்று வாங்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், வெறும் சைகை போய்ச் சேருகிறதா என்று பார்த்தால் போதாது, நகர்ந்த அலைவரிசையில் தகவலையும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 2000 பிப்ரவரியில் பூமியிலிருந்து அப்படி அனுப்பிப் பார்த்தார்கள். சைகை போனது, தகவல் சிதைந்தது. காசினியில் இருந்த வாங்கியின், அதாவது சைகையைப் பெறும் கருவியின், மென்பொருளை அத்தனை தொலைவிலிருந்து மாற்ற முடியாது. ஆகவே வேகம் உறுத்தாத வகையில் காசினி போகும் பாதையையே மாற்றினார்கள்.

2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கியது. சுமார் 350 படங்கள் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய அதே அளவு படங்கள் இரண்டாவது தகவல் வழியில் வந்திருக்க வேண்டும். அந்த வழியின் வாங்கியை இயக்கும் கட்டளை ஒன்று காசினிக்கு அனுப்பிய பட்டியலில் விடுபட்டிருந்தது.