நிகழ்நேர இயங்குதளத்தில் வலையமைப்பைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை வட்டாரத்து நூற்பாலை ஒன்றின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டை, அதாவது ஈரப்பதமூட்டும் அமைப்பைக் கட்டுப்படுத்தும் சிறு போர்டை எடுத்துக்கொள்வோம்; ஒவ்வொரு வேலையையும் உரிய கெடுவுக்குள் முடிக்க உதவும் நிகழ்நேர இயங்குதளம் அதில் ஓடுகிறது. குறித்த இடைவெளியில் உணரியைப் படித்து விசிறியையும் பம்பையும் இயக்குவது அதன் முதல் வேலை. கேட்கும் கணினிக்கு தொழிற்சாலைக் கருவிகளுக்கான மாட்பஸ் டிசிபி நெறிமுறை வழியாக, 502ஆம் போர்ட்டில், அளவுகளைத் தருவது இரண்டாவது வேலை. கூடத்தில் ஈரப்பதம் தவறினால் நூல் அறுபடும். கணினித் திரையில் எண் சற்றுத் தாமதமாக மாறினால் எவருக்கும் நட்டமில்லை. இந்த வரிசையை மறந்து எழுதப்படும் அமைப்புகளில்தான் மிகக் கடுமையான பிழைகள் நேர்கின்றன.

கட்டுப்பாட்டு டாஸ்க்கே (இயங்குதளம் தனித்தனியே ஓட்டும் வேலைகளில் ஒன்று டாஸ்க்) சாக்கெட்டில், அதாவது வலையமைப்பு இணைப்பின் முனையில், நேரடியாக எழுதுவது அவற்றில் முதன்மையானது. மறுமுனையில் இருக்கும் கணினி அணைந்துவிட்டால், அனுப்பும் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிறைந்ததும் அந்த அழைப்பு காத்திருக்கத் தொடங்கும். அதனுடன் விசிறியும் காத்திருக்கும். கட்டுப்பாட்டு டாஸ்க் தன் அளவுகளை ஒரு கியூவில் (வரிசையில்), காத்திருப்பு நேரத்தைச் சுழியமாகக் கொடுத்து இட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்ப வேண்டும். அனுப்புவது குறைந்த முன்னுரிமையுள்ள வேறொரு டாஸ்க்கின் பொறுப்பு. இரண்டும் ஒரே தரவைப் பகிர்ந்தால், முன்னுரிமை மரபுரிமை உள்ள மியூடெக்ஸையே பயன்படுத்த வேண்டும். மியூடெக்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு; உயர்ந்த டாஸ்க் அதற்காகக் காத்திருந்தால், பிடித்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையையும் அதுவரை உயர்த்துவதே மரபுரிமை. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் மீண்டும் மீண்டும் மறுதொடக்கமானதற்கு அந்த மரபுரிமை இயக்கப்படாததே காரணம்: தாழ்ந்த டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர முன்னுரிமையுள்ள தகவல்தொடர்பு டாஸ்க் இடையில் ஓடியதால், உயர்ந்த டாஸ்க் தன் கெடுவைத் தவறவிட்டது.

அடுத்தது மின்தடை. நம் ஊர்ப்பக்கம் நிறுவப்படும் எந்தப் போர்டும் இதை எதிர்கொண்டே ஆக வேண்டும். மின்சாரம் திரும்பியதும் போர்டு ஒரு நொடிக்குள் எழுந்துவிடும், ஆனால் ரவுட்டர் எழ ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். வலையமைப்பில் பாக்கெட்டுகள் சுழலாமல் தடுக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ முறை இயங்கும் சுவிட்சாக இருந்தால், கேபிள் இணைப்பு வந்துவிட்டதாகக் காட்டிய பிறகும் முப்பது நொடிகள் பாக்கெட் எதுவும் கடக்காது. முகவரி வழங்கும் டிஎச்சிபிக்குப் பத்து நொடி காத்துவிட்டு, முகவரி கிடைக்கவில்லை என்று கைவிடும் நிரல், மேசையில் குறையின்றி ஓடி ஆலையில் ஊமையாகிவிடும். முகவரி கிடைக்கும்வரை கட்டுப்பாட்டையே தொடங்காத நிரல் அதைவிட ஆபத்தானது. கட்டுப்பாடு முதலில் தொடங்கட்டும். கேபிளோடு நேரடியாகப் பேசும் பிஹெச்ஒய் சில்லின் நிலையை ஒரு டாஸ்க் தொடர்ந்து கவனித்து, கேபிள் இணைப்பு போனதையும் வந்ததையும் வலையமைப்பு வேலைகளைச் செய்யும் நெறிமுறைத் தொகுப்புக்கு ஒவ்வொரு முறையும் தெரிவிக்கட்டும். தொகுப்பு முகவரியை மீண்டும் தேடிக்கொள்ளும்.

மின்தடை விட்டுச்செல்லும் இன்னொரு சிக்கல் செத்த இணைப்புகள். கணினி திடீரென அணையும்போது இணைப்பை முடித்துக்கொள்ளும் பாக்கெட் வருவதில்லை. வரும் கோரிக்கைக்காக மட்டும் காத்திருக்கும் போர்டு அந்த இணைப்பு உயிரோடிருப்பதாகவே எண்ணும். சிறு போர்டுகளில் பரவலாகப் பயன்படும் எல்டபிள்யூஐபி (lwIP) என்ற நெறிமுறைத் தொகுப்பின் இயல்பு அமைப்பில் நான்கு சாக்கெட்டுகளுக்கே இடம் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டுக்கு ஒன்று போக மீதம் மூன்று. மூன்று முறை கணினி அணைந்தால் நான்காம் முறை போர்டு பதிலளிக்காது. மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் வசதியை இயக்கினால் மட்டும் போதாது, ஏனெனில் அதன் இயல்புக் காத்திருப்பு இரண்டு மணி நேரம். அதைச் சில பத்து நொடிகளாகக் குறைக்க வேண்டும், அல்லது நெடுநேரம் கோரிக்கை வராத இணைப்பை நிரலே மூடிவிட வேண்டும்.

இயல்பு மதிப்புகளை அப்படியே ஏற்பது பொதுவாகவே தவறு. அவை மிகச் சிறிய நினைவகத்தை மனதில் கொண்டவை: எல்டபிள்யூஐபியில் டிசிபி துண்டின் உச்ச அளவு 536 பைட்டுகள், ஈதர்நெட்டிலோ 1460 வரை செல்லலாம். ஆனால் எண்களை எல்லாம் கண்மூடித்தனமாகப் பெருக்குவதும் தீர்வாகாது. ஒவ்வொரு பஃபரும் கட்டுப்பாட்டு நிரலின் நினைவகத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. தொகுப்பின் புள்ளிவிவர வசதியை இயக்கி, உச்சப் பயன்பாட்டைப் பார்த்துத்தான் எண்களைத் தீர்மானிக்க வேண்டும்.

டாஸ்க்கின் ஸ்டாக் (அதன் தற்காலிகத் தரவுக்கான நினைவகம்) அளவிலும் ஒரு பொறி உண்டு. ஃப்ரீஆர்டிஓஎஸ் (FreeRTOS) என்ற நிகழ்நேர இயங்குதளம் அந்த அளவை வேர்டுகளில் கணக்கிடுகிறது. 32 பிட் சில்லில் ஒரு வேர்டு நான்கு பைட்டுகள். ஈஎஸ்பி32 சில்லுக்கான ஈஎஸ்பி-ஐடிஎஃப் மென்பொருள் தரும் அதன் வடிவமோ பைட்டுகளில் கணக்கிடுகிறது. எஸ்டிஎம்32 சில்லுக்கு எழுதிய 512 என்ற எண்ணை ஈஎஸ்பி32க்கு அப்படியே கொண்டுபோனால் ஸ்டாக் கால் பங்காகச் சுருங்கி வழிந்துவிடும்.

எஸ்டிஎம்32 போன்ற கார்டெக்ஸ்-எம் வகைச் சில்லுகளில் இன்டரப்ட் (செயலியை இடைமறித்து அழைக்கும் குறிப்பு) முன்னுரிமை எண் குறையக் குறைய உரிமை உயர்கிறது. ஈதர்நெட் இன்டரப்டை 0 என்றே விட்டுவிட்டு, அதற்குள்ளிருந்து டாஸ்க்கை எழுப்பும் செமாஃபோர் கொடுக்கும் நிரல், இயங்குதளம் அனுமதிக்கும் எல்லைக்கு மேலிருந்து அதை அழைக்கிறது. விளைவு உடனே தெரியாமல், எப்போதாவது ஒருமுறை காரணமற்ற முடக்கமாக வெளிப்படும். கார்டெக்ஸ்-எம்7 சில்லுகளில் இதையொத்த தோற்றமுள்ள கோளாறு கேஷால் (செயலி வைத்துக்கொள்ளும் விரைவு நகலால்) வரும்: டிஎம்ஏ (செயலியின்றி நினைவகத்தில் எழுதும் வன்பொருள்) எழுதிய பாக்கெட்டுக்குப் பதிலாகப் பழைய தரவைச் செயலி படிக்கும். டிஎம்ஏ விவரிப்பான்களையும் (பஃபர்கள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் பட்டியல்) பாக்கெட் பஃபர்களையும், நினைவகப் பகுதிகளின் தன்மையை வரையறுக்கும் எம்பியூ வழியாகக் கேஷ் ஆகாத பகுதியில் வைக்க வேண்டும். எஸ்டிஎம்32எச்7இல் செயலியோடு நேரடியாக இணைந்த டிடிசிஎம் நினைவகத்தை ஈதர்நெட் டிஎம்ஏ எட்டவே முடியாது என்பதையும் எது எந்த நினைவகத்தில் என்று வகுக்கும் லிங்க்கர் கோப்பை எழுதும்போதே கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்திருக்க வேண்டிய மேக் முகவரியை மாதிரி நிரலில் உள்ளபடியே மாற்றாமல் விட்டால், ஒரு போர்டு நன்றாக ஓடும்; இரண்டாவதைப் பொருத்தியதும் இரண்டும் மாறி மாறி மறையும். சில்லின் தனித்த அடையாள எண்ணிலிருந்து, 02 (நாமே அமைத்தது என்பதன் குறி) என்று தொடங்கும் முகவரியை உருவாக்கிக்கொள்ளலாம்.

எல்டபிள்யூஐபியின் ரா (சாக்கெட் இன்றி நேரடியாக அழைக்கும்) செயற்கூறுகளைத் தொகுப்பின் சொந்தத் த்ரெட்டுக்கு (அது ஓடும் டாஸ்க்குக்கு) வெளியிலிருந்து, பூட்டு எடுக்காமல் அழைக்கக் கூடாது. இந்த விதியைச் சரிபார்க்கும் அசர்ட் மேக்ரோவைச் சோதனைக் காலம் முழுவதும் இயக்கி வையுங்கள். அச்சோதனையில் கேபிளைப் பிடுங்குவது, சுவிட்சை மட்டும் அணைப்பது, பாக்கெட்டுகளை வெள்ளமாக அனுப்புவது ஆகியவை இடம்பெற வேண்டும். ஒவ்வொன்றின்போதும் விசிறியை இயக்கும் சில்லின் பின்னில் (மின்முனையில்) ஆசிலாஸ்கோப்பை வைத்து, அதன் கால இடைவெளி அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.