கால்நடை மருத்துவப் படிப்பும் முனைவர் பட்ட ஆய்வும்: ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்களிடையே 'பி.வி.எஸ்சி. கடினமா, பிஎச்.டி. கடினமா?' என்ற விவாதம் அடிக்கடி எழுகிறது. மேற்படிப்புக்குப் போவதா, அரசுப் பணித் தேர்வு எழுதுவதா என்ற முடிவை இந்த விவாதத்தின் அடிப்படையிலேயே எடுப்பவர்களும் இருப்பதால், இதில் நேரும் பிழைகளைச் சுட்டிக்காட்டுவது அவசியமாகிறது.

ஆண்டுக் கணக்கை வைத்து எடை போடுவது முதல் பிழை. உள்ளிருப்புப் பயிற்சி ஓராண்டையும் சேர்த்து பி.வி.எஸ்சி. என்ற இளநிலைப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். இதைப் பார்த்து ஆய்வு சுருக்கமாக முடிந்துவிடும் என்று எண்ணிவிடுகிறார்கள். இளநிலையில் ஒழுங்காகத் தேர்ச்சி பெறுபவருக்கு முடிவு நாள் சேரும்போதே தெரியும். ஆய்வில் அந்த நாளை நாட்காட்டி தீர்மானிப்பதில்லை. தரவும், ஆய்வை வழிநடத்தும் நெறியாளரும், ஆய்வேட்டை மதிப்பிடுவோரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள். இடையில் எம்.வி.எஸ்சி. என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு இருப்பதையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கால்நடை மருத்துவப் படிப்பை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவது அடுத்த பிழை. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுவதால், நன்றாக மனப்பாடம் செய்பவருக்கு இங்கும் சிரமமிராது என்று தோன்றலாம். ஆனால் மாட்டுக்குப் படித்தது குதிரைக்குப் பொருந்தாது என்பதே இந்தப் படிப்பின் உண்மையான சுமை. சைலசின் என்ற மயக்க மருந்தை எடுத்துக்கொண்டால், குதிரைக்குத் தரும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். மனிதர் அன்றாடம் விழுங்கும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும். கைப்பழக்கமோ இன்னொரு தனிப் பாடம். தோள்வரை உறையணிந்து, பசுவின் மலக்குடல் வழியாகக் கைவிட்டு, குடற்சுவருக்கு அப்பால் கருப்பையைத் தடவிப் பார்த்துச் சினையா, எத்தனை மாதம் என்று சொல்வதை எந்தப் புத்தகமும் கற்றுத் தராது. தொடக்கத்தில் விரலுக்கு எதுவும் பிடிபடாது. பல பசுக்களைப் பார்த்த பிறகே தெளியும்.

இந்த வரிசையில் மிகப் பெரிய சேதம் விளைவிப்பது, தேர்வு எழுதிப் பழகிய மனநிலையை ஆய்வுக்குள் அப்படியே கொண்டுபோவது. முனைவர் படிப்பிலும் பாடத்தாள்களும் தகுதித் தேர்வும் உண்டு என்பதால் முதல் ஆண்டில் இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. அதன் பிறகு கேள்வியைத் தாமே உருவாக்க வேண்டிய கட்டம் வரும்போது, முதல் மதிப்பெண் வாங்கியவரும் நெறியாளரின் அறை வாசலில் அடுத்த உத்தரவுக்காகக் காத்து நிற்கிறார்.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்ட ஆடுகளின் இரத்தத்தில், நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்று ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். தடுப்பூசிக்கு முன்பும், பின்னர் குறித்த இடைவெளிகளிலும் அதே ஆடுகளிடமிருந்து இரத்தம் எடுக்க வேண்டும். காகிதத்தில் இது எளிது. ஆனால் அறுவடை முடிந்த வயல்களைத் தேடிக் கிடை இடம்பெயர்ந்துவிடும். சில ஆடுகள் சந்தைக்குப் போயிருக்கும். சிலவற்றின் அடையாளக் காது வில்லை முள்வேலியில் சிக்கி அறுந்து, எது எந்த ஆடு என்றே தெரியாமல் போகும். 60 ஆடுகளில் தொடங்கியது பாதியாகக் குறைந்த பிறகு புள்ளியியல் துறையின் கதவைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. எத்தனை ஆடுகள் தேவை, எத்தனை விடுபடலாம் என்பதை முதல் ஊசி போடுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் அப்படித்தான்: சோதனை முடிந்த பிறகு முன்தேதியிட்டு வாங்க முடியாது. எதிர்பார்த்த வேறுபாடு தென்படவில்லை என்பதைத் தோல்வியாக நினைத்து மறைப்பதும் தேர்வுப் பழக்கத்தின் எச்சமே. முறையாகச் செய்த ஆய்வில் அதுவும் ஒரு முடிவுதான்.

இரண்டிலும் மனச்சோர்வு உண்டு. எனினும், இளநிலை மாணவர் விடுதியில் ஒரு வகுப்பே சேர்ந்து புலம்பும். ஆய்வாளரின் சிக்கல் அவருக்கு மட்டுமே உரியது. ஆகவே 'நாங்களும் பட்டோம்' என்ற ஆறுதல் இங்கே உதவுவதில்லை.

விலங்குகளைக் கையாளப் பிடிக்காதவர்களுக்கு ஆய்வு ஒரு புகலிடம் என்ற கருத்தும் துறை பார்த்தே பொருந்தும். அறுவைச் சிகிச்சைத் துறையின் ஆய்வாளர் நோயாளி விலங்குகளோடுதான் நாளைக் கழிப்பார். உயிர்வேதியியல் ஆய்வாளருக்குச் சில ஆண்டுகளில் சிகிச்சைக் கைப்பழக்கம் மங்கிவிடும். விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையின் மூத்த ஆய்வாளர்களிடம் மூன்று விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: ஆய்வேட்டை ஒப்படைக்க உண்மையில் எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, மாதிரி சேகரிக்கும் பயணச் செலவை யார் ஏற்கிறார்கள், மின்தடை வந்தால் உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா?